மூன்று டிக்கெட், ஒரு துரோகி!

ஃபோன் அலறியது.

விமான நிலையக் கவுன்டர் வரிசையில் நின்றிருந்த பூட்டு மேடம் திடுக்கிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பைக்குள் ஃபோன் இருந்தது. ஃபோனுக்குப் பக்கத்தில், அரக்கு சீல் வைத்த உறைக்குள், அந்த டிஸ்க் இருந்தது.

எடுத்தாள். வக்கீல்!

"மேடம், கிளம்பிட்டீங்களா? விசாரணை சரியா ஒரு மணிக்கு. இன்னிக்கு டிஸ்க் கைக்கு வரலேன்னா ஃபைலை மூடிடுவேன்னு அதிகாரி கண்டிப்பா சொல்லிட்டார்."

"ஏர்போர்ட்டுக்கு வந்துட்டேன் வக்கீல் சார்."

"நகல் எல்லாம் செல்லாது. சீல் உடையாத, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரோட அசல் டிஸ்க். உங்க கையால."

"தெரியும் சார். பத்திரமா வெச்சிருக்கேன்."

"அந்தம்மா காலையிலேர்ந்து வராண்டாவுலயே உக்காந்திருக்காங்க. பச்சத் தண்ணி கூடக் குடிக்கல..."

அந்தம்மா ஒரு சமையல்காரரின் மனைவி. வக்கீல் நடத்துவது அவளுடைய கேஸைத்தான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் சமையல்காரருடைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலிருந்து திருடு போனது. இரண்டே நாளில் அது அவருடைய முதலாளியின் மேஜையில் இருந்தது. மூன்றாம் நாள் வேலை போனது. நான்காம் நாள் தெருவே பேசியது. ஐந்தாம் நாள் மனிதர் கிணற்றில் மிதந்தார்!

அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அதிகாரி, நம்ம பூட்டு மேடம். மாதம் தவறாமல் எல்லோரையும் பாஸ்வேர்டு மாற்ற வைத்துப் பிராணனை வாங்குவதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் பூட்டு.

அவளுடைய பூட்டை உடைத்துத்தான் திருடியிருந்தார்கள். ஒரு தடவை இல்லை... ஒன்பது தடவை! அந்த அவமானம் அவளைத் தூங்க விடவில்லை.

"அடுத்து யாரு? வாங்க மேம்."

கவுன்டர் பெண் சிரித்தாள். பூட்டு மேடம் பத்தேகால் ஃப்ளைட் டிக்கெட்டை நீட்டினாள். பெண் தட்டினாள். சிரிப்பு நின்றது.

"சாரி மேம். இந்த டிக்கெட் கேன்சல் ஆயிருக்கு."

"என்னது! யார் பண்ணது?"

"நீங்கதான் மேம்."

"நானா?"

"காலைல ஏழு பன்னெண்டுக்கு, வெப்சைட்ல."

"ஏழு பன்னெண்டுக்கு நான் டாக்ஸியில டிரைவரோட வழிக்குச் சண்டை போட்டுட்டிருந்தேன்மா!"

"பி.என்.ஆர். நம்பரும் பேரும் தெரிஞ்சா யார் வேணாலும் பண்ணலாம் மேம். பாஸ்வேர்டெல்லாம் கேக்காது."

அது பூட்டு மேடத்துக்குத் தெரியாதா என்ன? 'போர்டிங் பாஸை ஃபோட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டாதீங்க, அதுல இருக்கற ஆறு எழுத்து உங்க வீட்டுச் சாவி' என்று நர்ஸுகளை உட்கார வைத்து மணிக்கணக்கில் வகுப்பு எடுத்தவளே அவள்தான்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, என் பேர்ல இன்னும் ரெண்டு டிக்கெட் இருக்கும். எட்டு மணிக்கு ஒண்ணு, ஒம்பதரைக்கு ஒண்ணு. அதுங்க என்ன கதின்னு பாரு."

"மூணு டிக்கெட்டா? ஒரே ஆளுக்கா?" பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எட்டு மணி ஃப்ளைட் போயிடுச்சு. டிக்கெட்டை யாரும் தொடல. நீங்க வரலேன்னு பதிவாகியிருக்கு. ஒம்பதரையும் அப்படியே இருக்கு."

பத்தேகால் மட்டும்தானா!

விஷயம் இதுதான். ரிப்போர்ட் அறைக் கம்ப்யூட்டரை நேரிலோ வெளியிலிருந்தோ திறக்கப் பாஸ்வேர்டு மட்டும் போதாது. 'திறக்கலாமா?' என்று ஓர் அனுமதிக் கேள்வி போகும். அது போவது இரண்டே பேருக்கு. ஒன்று ஆஸ்பத்திரி மேனேஜர். இன்னொன்று அவள். அவள் அனுமதி கொடுக்கவில்லை. ஆக, மேனேஜர்தான்! ஆனால் விசாரணைச் சமாசாரமெல்லாம் முன்கூட்டியே கசிந்துகொண்டிருந்ததால் வக்கீல் மேலும் ஒரு கண் இருந்தது.

அதனால் ஒரு பொறி வைத்தாள்.

மேனேஜருக்கு எட்டு மணி டிக்கெட்டின் நகலை அனுப்பினாள். வக்கீலுக்கு ஒன்பதரையின் நகல். எந்த டிக்கெட்டில் யாராவது கை வைக்கிறார்களோ, அந்த டிக்கெட்டுக்குரியவன்தான் கள்ளன்!

நிஜமாகப் போகப்போகிற பத்தேகாலை ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். அவரை அவள் சந்தேகப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

அவள் கணவர்!

'சீச்சீ... இருக்காது! நேரத்தைத்தானே சொன்னேன்? பி.என்.ஆர். நம்பர் அவருக்கு எப்படித் தெரியும்?'

பதினாலு வருஷத் தாம்பத்தியம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தானே காபி போட்டுக் கொடுக்கிற மனுஷர். அவரைப் போய்...

நம்பர் போட்டாள்.

"என்னங்க... டிக்கெட்டுல ஏதோ பிரச்சனைங்கறாங்க."

"விடும்மா! கேன்சல் ஆனா ஆகட்டும். நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோ. வீட்டுக்கு வந்துடு."



கேன்சல் என்று அவள் சொல்லவே இல்லையே!

"யாரோ செத்ததுக்கு நீ ஏன் இப்படி அலையற? நேத்து ராத்திரி கூடச் சரியா சாப்பிடல. எனக்கு உன்னை நினைச்சாத்தான் கவலை."

"ம்..."

"இப்பக் கூட மேப்ல உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன். கவுன்டர் பக்கத்துல நிக்கற, சரியா? உன் மேல ஒரு கண்ணு வெச்சுட்டே இருப்பேன்டா!"

நேற்று வரைக்கும் இந்தப் பேச்சில் உருகியிருப்பாள். இன்று அது கசந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

"மூணு மணிக்கு ஒரு ஃப்ளைட் இருக்காம். இங்கயே உக்காந்து அதுக்கு முயற்சி பண்றேங்க."

"மூணு மணியா? விசாரணை ஒரு மணிக்கே ஆரம்பிச்சிடுமே..." குரலில் வழிந்த நிம்மதியை அவரால் மறைக்க முடியவில்லை. "சரி சரி, உன் திருப்திக்கு முயற்சி பண்ணு. அங்கேயே இரு, எங்கேயும் போயிடாதே."

வைத்தாள். கவுன்டர் பெண்ணிடம் திரும்பினாள்.

"ஒம்பதரைக்கு போர்டிங் பாஸ் குடும்மா. காகிதத்துல. சீக்கிரம்!"

"கேட் மூட இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் மேம்!"

"ஓடிடுவேன். இங்க லக்கேஜ் வெச்சுட்டுப் போற ரூம் எங்க இருக்கு?"

"இடது பக்கம், கடைசியில. பெட்டி வைக்கணுமா?"

"இல்ல. புருஷனோட கண்ணை வெக்கணும்!"

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்டு மேடம் ஓடினாள். ஃபோனை ஒரு கைக்குட்டையில் சுற்றி, லக்கேஜ் அறைக்காரரிடம் கொடுத்து ரசீது வாங்கினாள். மேப்பில் அவள் இனி சாயங்காலம் வரைக்கும் விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பாள்!

கேட்டை மூடுவதற்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

*

ஜன்னலோர இருக்கை. பெல்ட் போட்டாள்.

பணிப்பெண் ஒலிபெருக்கியில் பேசினாள்.

"பயணிகள் தங்கள் ஃபோன்களை அணைத்துவிடவும், அல்லது ஃப்ளைட் மோடுக்கு மாற்றவும்..."

பூட்டு மேடத்தின் கை தானாகப் பைக்குள் போனது. ஃபோனைத் தேடியது.

எப்போதும் செய்கிற வேலை அது. கிளை ஆஸ்பத்திரிகளைச் சோதனை போட மாதாமாதம் பறப்பாள். ஒவ்வொரு தடவையும் ஃபோனை அணைக்கிறதுக்கு முன்னால் அவருக்கு ஒரு கால்.

'ஆஃப் பண்றேங்க. இறங்கினதும் கூப்பிடறேன்.'

'எத்தனை மணி நேரம்மா?'

'ரெண்டு.'

'நிம்மதியா தூங்கு.'

எத்தனை மணி நேரம்... ஏன் ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டார்?

பூட்டு மேடத்துக்குப் பொறி தட்டியது!

டிக்கெட் எங்கே வந்தது? அவள் ஈமெயிலுக்கு. ஈமெயில் எங்கெல்லாம் திறக்கும்? அவள் ஃபோனில். அப்புறம்... வீட்டு ஹாலில் கிடக்கிற அந்தப் பழைய டேப்லட்டில்! புது ஃபோன் வாங்கியபோது அதை அவரிடம் தூக்கிக் கொடுத்தாள். 'படம் பாருங்க' என்றாள். தன் கணக்கை அதிலிருந்து நீக்க மறந்தாள். பத்தேகால் என்று அவள் சொன்னதால் அந்த டிக்கெட்டை மட்டும் தேடிப் பிடித்திருக்கிறார்.

ஊரார் கதவையெல்லாம் பூட்டியவள் தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே போட்டிருந்தாள்!

டிக்கெட் அதில் தெரிந்தால், அனுமதிக் கேள்வியும் அதில் வரும். 'திறக்கலாமா? ஆம், இல்லை.' இரண்டு நிமிஷம்தான் அதற்கு ஆயுசு. அப்புறம் தானாக மறைந்துவிடும். அவள் ஃபோன் விழித்திருந்தால் கேள்வி அதிலும் வரும், மாட்டிக்கொள்வார். அதனால்...

டைரியைப் புரட்டினாள். ஒன்பது திருட்டுத் தேதிகள். எதிர்ப்பக்கம் அவளுடைய பயணத் தேதிகள்.

முதல் திருட்டு... அன்று பறந்தாள்.

இரண்டாவது... பறந்தாள்.

மூன்று, நான்கு, ஐந்து... ஒன்பதும்!

மாதக்கணக்கில் இந்தத் தேதிகளை முறைத்துப் பார்த்திருக்கிறாள். மேனேஜருடைய லீவு, வக்கீலுடைய வருகை எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தாள். தன்னோடு ஒப்பிட மட்டும் தோன்றவே இல்லை. அவள் ஆசையாகக் கூப்பிட்டதுதான் அவருக்குக் கிடைத்த 'ஆரம்பிக்கலாம்'! அந்தச் சமையல்காரரின் ரிப்போர்ட்டை எடுக்க அவளே விசில் ஊதியிருக்கிறாள்.

பாஸ்வேர்டு? அது என்ன பிரமாதம்! மேனேஜர் அதைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைத்திருப்பார், அனுமதிக் கேள்வி வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்குப் பாலிசி போடுகிறேன் என்று இவர் எத்தனை தடவை அந்த அறையில் போய் உட்கார்ந்திருக்கிறார்!

"மேடம், உடம்பு சரியில்லையா? ஏன் அழறீங்க?" பணிப்பெண் குனிந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் வந்தது. குடிக்கும்போதுதான் அடுத்த இடி விழுந்தது.

டிஸ்கில் என்ன இருக்கிறது? ஒன்பது தடவையும் அனுமதி கொடுத்தது யாருடைய கணக்கு என்பது இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அதைப் படிக்கிற வசதி கிடையாது. விசாரணை நிபுணர் படிப்பார். படித்தால் என்ன வரும்?

அவள் பெயர் வரும்!

தனக்கான கைவிலங்கைத் தானே சீல் வைத்துச் சுமந்துகொண்டு போகிறாள்.

பணிப்பெண் குப்பைப் பையோடு வரிசை வரிசையாக வந்தாள்.

"போடறதுக்கு ஏதாவது இருக்கா மேடம்?"

பூட்டு மேடத்தின் கையில் உறை இருந்தது. பை வாயைத் திறந்து காத்திருந்தது. போட்டுவிட்டால் முடிந்தது. கேஸ் மூடப்படும். வீட்டுக்குப் போகலாம். காபி கிடைக்கும். பதினாலு வருஷம் பதினைந்தாகும்.

வராண்டாவில் ஒருத்தி தண்ணீர் கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

காகிதக் கோப்பையை மட்டும் போட்டாள்.

*

விசாரணை அறை. மணி ஒன்று பத்து.

கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார் அதிகாரி. எதிரே மேனேஜர் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஓரத்தில் ஸ்டூலில் சமையல்காரரின் மனைவி. நிபுணர் லேப்டாப்பில் டிஸ்கைச் சொருகிப் பத்து நிமிஷமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தார்.

"ஒம்பது தடவையும் ஒரே கணக்குல இருந்துதான் அனுமதி போயிருக்கு சார்."

"யாரு? மேனேஜரா?"

"இல்ல சார். இந்த மேடம்!"



மேனேஜர் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்! பாஸ்வேர்டை மாத்து, பாஸ்வேர்டை மாத்துன்னு எங்க உயிரை எடுத்துட்டு, கடைசியில பூட்டே திருடியிருக்கு சார்!"

"உக்காருங்க!"

வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம்... என்னது இது?"

ஸ்டூலில் இருந்தவள் மெதுவாக எழுந்து வந்தாள். பூட்டு மேடத்தின் முகத்தை அருகில் பார்த்தாள்.

"நீங்களாம்மா? ஒம்பது மாசமா எனக்குத் தைரியம் சொல்லிட்டு... நீங்களா?"

பூட்டு மேடம் அவள் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"கணக்கு என்னுதும்மா. கை என்னுது இல்ல." அதிகாரியிடம் திரும்பினாள். "சார், அந்த ஒம்பது நேரமும் நான் ஆகாயத்துல இருந்தேன். விமானக் கம்பெனியில கேட்டுக்குங்க. அனுமதி எந்தக் கருவியில இருந்து போச்சுன்னு நிபுணரைக் கேளுங்க."

"ஒரு டேப்லட் சார்," என்றார் நிபுணர். "ஏதோ வீட்டு வைஃபை."

"எங்க வீட்டு வைஃபை. என் கணவருக்கு ஃபோன் போடுங்க சார். ஸ்பீக்கர்ல. நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்."

"என்னம்மா, நாடகமா?"

"அஞ்சே நிமிஷம் சார். அப்புறம் என்னை அரெஸ்ட் பண்ணுங்க."

அதிகாரி யோசித்தார். நம்பரை அழுத்தினார்.

"ஹலோ?"

"விசாரணை அதிகாரி பேசறேன். உங்க மனைவி இன்னும் வரல. அவங்க டேப்லட் ஒண்ணைப் பத்தித் தகவல் வந்திருக்கு."

 மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"சார்... கட்டின பொண்டாட்டியைப் பத்தி இப்படிச் சொல்லக் கூடாது. ஆனா மனசாட்சி கேக்கல. எனக்கே அவ மேல சந்தேகம் இருந்துது சார்!"

பூட்டு மேடம் மேஜை விளிம்பை இறுகப் பற்றினாள்.

இதுவரைக்கும் ஒரு மூலையில் ஒரு சின்ன ஆசை இருந்தது. யாரோ மிரட்டியிருப்பார்கள், பயந்து செய்திருப்பார் என்று. அதுவும் செத்தது.

"அந்த டேப்லட் உங்க வீட்டுல இருக்கா?"

"இல்லவே இல்ல சார். எப்பவும் அவ கிட்டதான். என்னைத் தொடக்கூட விடமாட்டா. ஊருக்குப் போனாலும் தூக்கிட்டுப் போயிடுவா."

"இப்ப?"

"அவ கைப்பையில சார்! ஏர்போர்ட்லதான் உக்காந்திருக்கா. மேப்ல பாத்துட்டேதான் இருக்கேன். உடனே ஆள் அனுப்பிப் பிடிங்க சார், ஓடிடப் போறா!"

பூட்டு மேடம் சத்தமில்லாமல் நிபுணரின் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தன் கணக்கைத் திறந்தாள். தொலைந்த கருவியைத் தேடும் பக்கம். பழைய டேப்லட். 'ஒலி எழுப்பவா?'

'ஆம்' என்று தட்டினாள்.

கீய்ங்ங்... கீய்ங்ங்... கீய்ங்ங்...!

ஸ்பீக்கர் கிழிந்தது. மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அது என்ன சார் சத்தம்?" அதிகாரி கேட்டார்.

"அது... அது வந்து... குக்கர் சார்!"

"குக்கரா?"

"ஆமா சார்! நான்தான் சமைக்கறேன். அவ எங்க சமைக்கறா?"

கீய்ங்ங்... கீய்ங்ங்...!

எதையோ தடதடவென்று நகர்த்துகிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம்.

பூட்டு மேடம் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"சோபா குஷனுக்கு அடியில பாருங்க. எப்பவும் அங்கதான் செருகி வெப்பீங்க."

தடதட சத்தம் நின்றது. கீய்ங் மட்டும் நிற்கவில்லை.

"நீ... நீ எங்க இருக்க?"

"நீங்க கொன்னீங்களே, ஒருத்தர்... அவரோட சம்சாரத்துக்குப் பக்கத்துல இருக்கேன்."

ஃபோன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதிகாரி இன்னொரு ஃபோனை எடுத்து அந்த ஊர் போலீஸைக் கூப்பிட்டார்.

 சமையல்காரரின் மனைவி பூட்டு மேடத்தின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பூட்டு மேடம் வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்துவிட்டு வக்கீலைப் பார்த்தாள்.

"சாரி சார். உங்களைக் கூடச் சந்தேகப்பட்டேன்."

"என்னையா? எதை வெச்சு?"

"அப்புறம் சொல்றேன் சார். இப்ப கேட்டா எனக்கே வெக்கமா இருக்கு."

முக்கால் மணி நேரத்தில் அதிகாரியின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்ஸ்பெக்டர் பேசறேன் சார். ஆளைப் பிடிச்சாச்சு. டேப்லட்டைப் பக்கெட் தண்ணியில முக்கறதுக்குள்ள போயிட்டோம். திருடின ரிப்போர்ட் அத்தனையும் உள்ள இருக்கு. எத்தனையோ கம்பெனிக்குக் காசுக்கு வித்திருக்கான்... மேடம் அங்க இருக்காங்களா? அவங்க கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணுமாம்."

"குடுங்க," என்றாள் பூட்டு மேடம்.

"அம்மாடி..." அதே தேன் குரல். இப்போது நடுங்கியது. "நடந்தது நடந்துடுச்சு. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம். இங்க ஒரே கும்பலா அடைச்சு வெச்சிருக்காங்க. இன்ஸ்பெக்டர் கிட்ட சொல்லி எனக்கு ஒரு தனி ரூமாவது வாங்கிக் குடும்மா... பதினாலு வருஷம் கூட வாழ்ந்தவன் கேக்கறேன்!"

பூட்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டர் சார், கேக்குதா?"

"கேக்குது மேடம்."

"கும்பலோடயே வைங்க சார். அடுத்தவங்க ரகசியத்தைக் கேக்காட்டி அவருக்குத் தூக்கமே வராது!"